திருத்தம் அக்காவின் நான்காம் தாள்

அந்தக் கட்டடக்கலை அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. திருத்தம் அக்கா என்றால்தான் தெரியும். கீழே அச்சகம், அதற்கு மேலே இரண்டாவது மாடியில் அலுவலகம். அச்சு இயந்திரம் ஓடும்போது மேலே மேசையில் வைத்த தேநீர் நடுங்கும். ஜன்னலை ஒட்டிய மேசை அக்காவுடையது. பத்தொன்பது வருடமாக அங்கே உட்கார்ந்து, மற்றவர்கள் யோசித்ததற்கு அளவு போட்டு வரைபடமாக்குவது அவர் வேலை. வரைந்ததைத் திருத்துவது அதைவிடப் பெரிய வேலை. அப்படி வந்ததுதான் அந்தப் பெயர்.

ஐம்பத்திரண்டு வயது. கண்ணாடி இரண்டு வைத்திருந்தார், ஒன்று கணினித் திரைக்கு, இன்னொன்று ஆட்களுக்கு. யாராவது பேச வந்தால் ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்ட வேண்டும். போகப்போக அதற்கும் அலுத்துப்போய், வருகிறவர்களைக் கலங்கலாகவே பார்த்துப் பதில் சொல்லப் பழகிக்கொண்டார்.

அலுவலகம் நடத்தியவரை எல்லோரும் சார் என்றார்கள். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு பேட்டைக்காரர்கள் சமுதாயக்கூடம் கட்டப் படம் கேட்டு வந்தபோது, சார் மேசையைத் தட்டிச் சொன்னார்: "ஊருக்கு ஊர் இதே கூடம், இதே சண்டை. நாம ஒரு தடவை ஒழுங்கா வரைஞ்சு திறந்து விட்டுடலாம். யார் வேணா எடுத்துக்கட்டும், யார் வேணா மாத்திக்கட்டும். மாத்தினதை நமக்கும் அனுப்பட்டும். அவ்வளவுதான்."

திறந்த வரைபடம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மொத்தம் பன்னிரண்டு தாள். கூடம், சமையலறை, கழிப்பறை, கூரை, கதவு ஜன்னல், எல்லாம் அளவோடு. அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் போட்டார்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் அலுவலகத்தின் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தன. அந்தத் தொலைபேசி இருந்தது அக்காவின் மேசையில்.

அன்றிலிருந்து பிடித்தது வினை.

"அம்மா, எங்க மனை முக்கோணமா இருக்கு. கூடத்தையும் முக்கோணமா கட்டிக்கலாமா?"

"மேடையை எடுத்துடுங்க. மேடைன்னு ஒண்ணு இருந்தா யாராவது ஏறிப் பேச ஆரம்பிச்சுடறாங்க."

"தலைவர் படம் மாட்டச் சுவர் பத்தலை. ஒரு ஜன்னலைக் குறைச்சு அனுப்புங்களேன்."

அக்கா ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். நியாயமான மாற்றம் என்றால் வரைந்து, திருத்தத்துக்கு ஒரு எண் போட்டு, இணையப் பக்கத்தில் சேர்த்தார். முதல் வருடம் நான்கு திருத்தம். போன வருடக் கடைசியில் மொத்தம் அறுபத்து மூன்று. அலுவலகத்தின் மற்ற வேலைகள் குறையவில்லை. இது அவற்றின் தலையில் ஏறி உட்கார்ந்த வேலை.

அந்த வரைபடத்தில் அக்காவே யோசித்த விஷயம் ஒன்று உண்டு. சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டி சுவரைப் பார்த்து இருக்காது. கூடத்தைப் பார்த்து இருக்கும், நடுவில் அகலமான ஜன்னலோடு. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் எல்லாம் தம்ளர் கழுவுவது அக்காவின் பங்கு. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சிரிப்பார்கள், எதற்கென்று இவருக்குத் தெரியாது. திரும்பிக் கேட்டால், "அதை விடு, உனக்கு முதல்லேருந்து சொல்லணும்" என்பார்கள். அதை மனதில் வைத்துத்தான் தொட்டியைத் திருப்பிப் போட்டார். சார் எட்டிப் பார்த்து, "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு சார் மேடைகளில் பேசத் தொடங்கினார். கல்லூரிகள், சங்கங்கள், ஒரு முறை விருது விழா. "கழுவுகிறவர் கூடத்தைப் பார்க்க வேண்டும்" என்பது அவர் பேச்சில் எப்போதும் கைதட்டு வாங்கும் வரி. விருது விழாவில் அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டார். கோபம் என்று சொல்ல முடியாது. வாசலில் கழற்றி விட்ட தன் செருப்பை வேறொருவர் மாட்டிக்கொண்டு நடப்பதைப் பார்ப்பதுபோல இருந்தது. கத்தலாம்தான். ஆனால் அவர் வேண்டுமென்றா மாட்டிக்கொண்டார்? அக்கா பேருந்து பிடித்து வீட்டுக்குப் போனார்.

இந்த வருடம் மழை விட்ட பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை, நகராட்சியிலிருந்து பதிவுத் தபால் வந்தது. பேருந்தில் இரண்டு மணி நேரத் தூரத்தில், திறந்த வரைபடத்தை எடுத்துக் கட்டிய ஒரு சமுதாயக்கூடத்தில், வாசல் சாய்வுப் பாதையில் ஒரு பெண் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டிருக்கிறார். பாதை விதிக்கு மாறாகச் செங்குத்தாக இருக்கிறது. வடிவமைத்தவர் யார் என்று இணைத்துள்ள படிவத்தை நிரப்பி, பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கவும்.

சார் இரண்டு முறை படித்தார். "நம்ம பாதை பன்னிரண்டுக்கு ஒண்ணுதானே?"

"ஆமா சார். ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம். வாசல் ஒன்றரை அடி உயரம், அதனால பதினெட்டு அடி."

"அப்ப அவங்கதான் மாத்திக் கட்டியிருக்காங்க. நீ போய் ஒரு தடவை அளந்து பார்த்துட்டு வந்துடு."

மறுநாள் காலை அக்கா டேப்பையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பேருந்தில் நின்றுகொண்டுதான் போக முடிந்தது. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் தயார் செய்துகொண்டார். குறுகலான மனைக்கு முப்பத்தெட்டாம் திருத்தம் என்று ஒன்று இருக்கிறது. அதில் பாதை ஒன்பது அடி ஏறி, ஒரு திருப்பத்தில் நின்று, மறுபடி ஒன்பது அடி ஏறும். முதல் பாதி நான்காம் தாளில், இரண்டாம் பாதி நான்கு-அ தாளில். நீங்கள் நான்கு-அ தாளைப் பார்க்கவில்லை, தப்பு உங்களுடையது. சுருக்கமாக, மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம்.

கூடம் ஒரு பள்ளிக்கூடச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நின்றது. சுண்ணாம்பு நிறம். தான் வரைந்த கட்டடங்களில் அக்கா நேரில் பார்த்தது நாலைந்துதான். பார்க்கும்போதெல்லாம், தாளில் இருந்ததைவிடச் சின்னதாகத் தோன்றும். இதுவும் அப்படித்தான். சாய்வுப் பாதையின் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். அக்கா குனிந்து அளந்தார். ஒன்பது அடி. அந்த ஒன்பது அடிக்குள்ளேயே ஒன்றரை அடி உயரத்தையும் ஏற்றியிருந்தார்கள். ஆறுக்கு ஒன்று. சக்கர நாற்காலியை விட்டால் தானே தெருவுக்கு ஓடிவிடும்.

கட்டிய மேஸ்திரி வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட தாள். சண்டைக்குத் தயாராக வந்தவர்போலத் தெரிந்தது.

"பாருங்கம்மா, நாலாம் தாளு. ஒன்பது அடின்னு உங்க படத்துலதான் போட்டிருக்கு. மேல வாசல், கீழ தெரு. நான் ஒரு இஞ்ச் கூட மாத்தலை."

"இதுக்கு அடுத்து ஒரு தாள் இருக்கே. நாலு-அ. அதைப் பார்க்கச் சொல்லி இதுலயே…" என்றபடி அக்கா தாளை வாங்கினார். ஆட்களுக்கான கண்ணாடி போட்டிருந்தார். அதைக் கழற்றி மற்றதை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

தாளில் அந்த வரி இல்லை. பாதை முடியும் இடத்தில் 'தொடர்ச்சி நான்கு-அ தாளில்' என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பார்க்கிறவர் யாராக இருந்தாலும் பாதை அங்கேயே முடிந்ததென்றுதான் நினைப்பார். நான்கு-அ தாளைத் தனியாகப் பார்த்தாலும் அது வேறு ஏதோ ஒரு பாதைபோலத்தான் இருக்கும்.

ஓரத்தில் தேதி இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை. அன்று என்ன நடந்தது என்று அக்கா நினைத்துப் பார்த்தார். காய்ச்சலா? வீட்டில் ஏதாவது பிரச்சினையா? சாக்குச் சொல்ல ஒன்றுமே அகப்படவில்லை. சாதாரணப் புதன்கிழமை. தொலைபேசி அடித்திருக்கும், எடுத்திருப்பார். அவ்வளவுதான்.

"என்னம்மா, எங்க தப்பா?" என்றார் மேஸ்திரி.

"இல்லைங்க. தாள்ல தப்பு."

மேஸ்திரி இதை எதிர்பார்க்கவில்லை. தயார் செய்து வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உள்ள வாங்க. தண்ணி குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

உள்ளே ஐந்தாறு தையல் இயந்திரங்கள் வரிசையாக இருந்தன. விழுந்த பெண் அங்கே தையல் வகுப்பு எடுக்கிற டீச்சர். இடது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. வலது கையால் ஒருத்தியின் துணியில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். துணி நகர்ந்துகொண்டே இருந்தது. பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லை.

"இவங்கதான் ஆபீஸ்லேருந்து வந்திருக்காங்க" என்றார் மேஸ்திரி. "தாள்லயே தப்பாம்."

டீச்சர் நிமிர்ந்தார். "தாளை யார் போட்டது?"

பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அக்காவிடம் அன்று அது இல்லை.

"நான்தாங்க. ஒரு வரி எழுத விட்டுட்டேன்."

தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. டீச்சர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். வேலைக்குப் போகும் புடவை, கைப்பை, கையில் இரண்டாவது கண்ணாடி.

"ஒரு வரியா?"

"ஒரு வரி."

"மழைத்தண்ணி நின்னுச்சு. துணி மூட்டையோட வந்தேன். கால் போனதே தெரியலை. ஆறு வாரம் கட்டு. அதுக்கப்புறம் கத்திரிக்கோல் பிடிக்க வருமான்னு டாக்டரே இழுக்கறாரு."

"ம்" என்றார் அக்கா. வேறு எதைச் சொன்னாலும் அது தனக்காகச் சொல்வதாகிவிடும் என்று பட்டது.

டீச்சர் தலையால் சமையலறைப் பக்கம் காட்டினார். "அந்தத் தொட்டி ஜன்னலு? அதுவும் நீங்கதானா?"

"அதுவும் நான்தான்."

"அது நல்லாத்தான் இருக்கு. சாமான் கழுவிக்கிட்டே இங்க யார் கோணலா தைக்கறாங்கன்னு பார்த்துடலாம்." ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. "அதுக்காக என் கை சரியாயிடுமா?"

"ஆகாதுங்க."

"சரி. உட்காருங்க. இந்தத் துணியைக் கொஞ்சம் பிடிங்க."

அக்கா உட்கார்ந்து துணியைப் பிடித்தார். டீச்சர் கோடு போட்டார். மூன்று ரவிக்கைத் துணிக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டு, நான்கு மணிப் பேருந்தில் திரும்பினார். இம்முறை உட்கார இடம் கிடைத்தது. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தவர், இறங்க வேண்டிய இடம் தாண்டித்தான் கண் விழித்தார்.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுக்குள் தொங்கும் அட்டையில் மாதாமாதம் அவர் கையெழுத்து இருக்கும். மறுநாள் காலை, டிபன் டப்பா கட்டும் நேரத்தில் அக்கா விஷயத்தைச் சொன்னார்.

"உன்னை யாராவது பேர் சொல்லிக் கேட்டாங்களா?"

"இல்லை. வடிவமைத்தவர் யாருன்னு கேட்டிருக்காங்க."

"அப்ப சும்மா இரு. விருது வாங்கினவர் பதில் சொல்லட்டும். வாங்கும்போது உன்னைக் கூப்பிட்டாரா? இப்ப மட்டும் நீ ஏன் போய்த் தலையைக் குடுக்கறே?"

"நீங்க பார்த்த லிஃப்ட் அந்து விழுந்தா?"

"விழாது."

"விழுந்தா?"

அவர் டப்பா மூடியை இரண்டு முறை திறந்து மூடினார். "அட்டையில என் கையெழுத்து இருக்கு. நான்தான் போகணும்." பிறகு எரிச்சலோடு, "அதுக்காக இதுவும் அதுவும் ஒண்ணா?" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியைத் தேடினார். சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

அலுவலகத்தில் சார் படிவத்தைப் பாதி நிரப்பி வைத்திருந்தார். 'வடிவமைத்தவர் பெயர்' என்ற கட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: திறந்த வரைபடம், தனி வடிவமைப்பாளர் எவரும் இல்லை.

அக்கா நான்காம் தாளை அவர் முன்னால் வைத்து, விடுபட்ட இடத்தில் விரலை வைத்தார். சார் நெடுநேரம் பார்த்தார்.

"ஆனா நாலு-அ அந்தத் தாள் கட்டுல இருக்கே. அவங்க பார்த்திருக்கணும்."

"எதுக்குன்னு தெரியாம எதைப் பார்ப்பாங்க சார்?"

"இங்க பாரு. இப்ப ஒருத்தர் பேரை எழுதினோம்னா, நாளைக்கு எவனும் தன் வரைபடத்தைத் திறந்து விடமாட்டான். பயந்துடுவான். பதினோரு வருஷ வேலை இது. அறுபது எழுபது ஊருல நிக்குது. ஒரு கட்டத்துல எழுதற பேரால எல்லாம் போயிடும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அக்காவுக்கு அது தெரியும். அதனாலேயே இன்னும் களைப்பாக இருந்தது.

"திறந்தே இருக்கட்டும் சார். யார் வேணா எடுக்கட்டும். ஆனா கையை ஒடிச்சுக்கிட்டு ஒருத்தங்க வந்து, யாரு போட்டதுன்னு கேட்டா, ஆளே இல்லைன்னு சொல்றது நல்லாவா இருக்கு? கேட்டா ஒருத்தர் இருக்கணும்ல?"

சார் பென்சிலை உருட்டினார். பிறகு, "சரி, என் பேரைப் போடு" என்றார். வீம்பாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார்.

"நாலாம் தாளை நீங்க பார்க்கவே இல்லை சார்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் அக்காவுக்கே தெரிந்தது. சார் முகம் சுருங்கியது. அவர் நாலாம் தாளையும் பார்க்கவில்லை, ஐந்தாம் தாளையும் பார்க்கவில்லை. அறுபத்து மூன்று திருத்தங்களில் எத்தனையைத் திறந்து பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "உன் இஷ்டம்" என்றார்.

அக்கா பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, மையால் தன் முழுப் பெயரையும் எழுதினார். நான்காம் தாள், முப்பத்தெட்டாம் திருத்தம், வரைந்தவர் என்று சேர்த்தார். அவர் பெயர் ஒரு கட்டடத்தோடு சேர்ந்து காகிதத்தில் ஏறுவது அதுவே முதல் தடவை. கழுத்து வலித்தது.

மறுநாள் அவரே நகராட்சிக்குக் கொண்டுபோனார். வரிசையில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு, ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் படிவத்தைப் புரட்டினார்.

"லைசென்ஸ் நம்பர் எழுதலையே?"

"எனக்கு லைசென்ஸ் கிடையாதுங்க. நான் படம் வரையறவ."

"அப்ப இந்தக் கட்டத்துல உங்க பேர் வரக்கூடாதும்மா."

"தப்பு என்னோடது. அதைத்தானே கேட்டிருக்கீங்க?"

"தப்பு யாரோடதுன்னு கேக்கலை. வடிவமைத்தவர் யாருன்னு கேட்டிருக்கு. லைசென்ஸ் இல்லாதவங்க வடிவமைக்க முடியாது. முடியாதப்ப, நீங்க வடிவமைக்கலை." எழுத்தர் கடுமையாகச் சொல்லவில்லை. காலையிலிருந்து நூறு பேருக்கு இப்படி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பவரின் குரல் அது. "வேற படிவம் தரேன். உங்க முதலாளியை எழுதச் சொல்லுங்க."

அக்கா அங்கேயே நின்றார். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். சிரிப்பு வருவதுபோல இருந்தது, ஆனால் வரவில்லை. பதினோரு வருடம் புகழில் பங்கு கேட்காமல் இருந்தாயிற்று. இப்போது பழியில் பங்கு கேட்டால், அதற்கும் தகுதி போதாது என்கிறார்கள்.

எழுத்தர் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "கடைசிப் பக்கத்துல இதர குறிப்புகள்னு ஒரு இடம் இருக்கு" என்றார். "அங்க என்ன வேணா எழுதலாம். யாரும் தடுக்க மாட்டாங்க."

"யாராவது படிப்பாங்களா?"

"நான் படிக்கறேன்மா. கோப்புல சேர்க்கறதுக்கு முன்னாடி படிச்சாகணும்."

அடுத்த வாரம் புதுப் படிவம் போனது. வடிவமைத்தவர் கட்டத்தில் சாரின் பெயரும் லைசென்ஸ் எண்ணும் இருந்தன. இதர குறிப்புகளில் அக்கா எழுதியது எட்டு வரி. கோடு போட்ட இடம் போதாமல் ஓரத்தில் திரும்பி ஏறியது. எந்தத் தாள், எந்தத் தேதி, எந்த வரி விடுபட்டது, விட்டவர் யார்.

சாருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பாதையை இடித்துக் கட்டச் சொல்லி உத்தரவு. மேஸ்திரி திருப்பம் வைத்து இரண்டாம் பாதியையும் கட்டினார். சைக்கிள் நிறுத்தும் இடம் அதில் போயிற்று. சைக்கிள்காரர்கள் இன்றைக்கும் திட்டுகிறார்களாம். டீச்சரின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். துணியைப் பிடிக்க முடிகிறது. மூட்டை தூக்க முடியவில்லை. மழை நாளில் மணிக்கட்டு குத்துகிறது என்று மேஸ்திரி தொலைபேசியில் சொன்னார். அக்கா ஒரு முறை டீச்சரிடமே பேசலாம் என்று எண்ணை எடுத்து வைத்தார். பேசவில்லை. என்ன கேட்பது?

சார் நான்கு மாதம் எந்த மேடைக்கும் போகவில்லை. ஒரு நாள் அக்காவின் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "முதல் தாளிலேருந்து காட்டு" என்றார். மூன்றாம் தாள் வரை பார்த்தார். அதற்குள் யாரோ வந்துவிட்டார்கள். மறுபடி உட்காரலாம் என்று சொல்லியிருக்கிறார். இன்னும் உட்காரவில்லை.

அறுபத்து நான்காம் திருத்தமாக அந்த ஒரு வரியைச் சேர்த்தாயிற்று. அதோடு முடியுமா? முப்பத்தெட்டாம் திருத்தத்தை எடுத்தவர்களில் தொலைபேசி எண் கொடுத்தவர்கள் பதினேழு பேர். அக்கா அவர்களை ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினார், தினம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு பேர். பலர் இன்னும் கட்டவே இல்லை. இரண்டு ஊரில் அதே ஒன்பது அடிதான் கட்டியிருந்தார்கள். அளந்து பார்க்கச் சொல்லி, கயிறு கட்டச் சொல்லி, புதுத் தாளை அனுப்பினார். ஒருவர், "நாங்க பாதையே போடலைங்க, அங்க குப்பைத் தொட்டி வச்சுட்டோம்" என்றார் பெருமையாக. அதற்கும் ஒரு அரை மணி நேரம் பேச வேண்டியிருந்தது.

பதினாறு பேரிடம் பேசியாயிற்று. ஒரு எண் மட்டும் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. ஊர் எதுவென்று எண்களைக் குறித்து வைத்த தாளில் இருக்கிறது. போய்வர ஒரு முழு நாள் ஆகும். சனிக்கிழமை போகலாமா என்று அக்கா கணவரிடம் கேட்டார். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "முதல்ல டாக்டர்கிட்ட உன் கழுத்தைக் காட்டிட்டு வா" என்றார். அக்கா சரி என்றார். பிறகு அந்த ஊர்ப் பேருந்து நேரத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டார்.